ஞாயிறுகளில் மூடியிருக்கும்

"மெதுவா ஊத்துடி. அவளுக்கு இனிமே எங்கேயும் அவசரமில்ல," என்றாள் குளிப்பாட்ட வந்தவர்களில் மூத்தவளான ரொஹ்மா.

கஸ்மி குவளையைச் சாய்த்தாள். தண்ணீர் தங்கையின் வலது தோளில் விழுந்து, மேலே போர்த்தியிருந்த துணியை நனைத்து, பள்ளிவாசல் மேசையின் ஓரமாகக் கீழே ஓடியது. வுலான் செத்துப் பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. பிரேதப் பரிசோதனை, தூதரகத்து முத்திரை எல்லாம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டன. ஆனால் குளிப்பாட்டப் பெண்கள் வேண்டுமே! ஹாங்காங்கில் வீட்டு வேலை பார்க்கிற ஜாவாக்காரிகளுக்கு வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. அதனால் வுலானும் ஞாயிறுக்காகக் காத்துக் கிடந்தாள்.

"ஐயோ, கால் நகத்தைப் பாருங்கடி. சாயம்!" என்றாள் கால்மாட்டில் நின்றவள்.

"அது இருந்தா நகத்துல தண்ணி படாது. அழிக்கிற மருந்து எவகிட்ட இருக்கு?"

நான்கு கைப்பைகள் திறந்தன. "என்கிட்ட இருக்கு. ஆனா திராட்சை வாசம் அடிக்கும்."

"அடிக்கட்டும். இவ குளிக்கிற சோப்பே மிட்டாய்க் கடை மாதிரிதான் மணக்கும்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கஸ்மியும் சிரித்தாள். சிரித்த வாயை எப்படி மூடுவது என்று தெரியாமல் குனிந்து, பஞ்சை நனைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினாள். சுண்டுவிரலில் சாயம் போக மறுத்தது.

பாவாடைப் பையில் போன் அதிர்ந்தது. எஜமானி. 'பெரிய சூப் பானை எங்கே?'

கையைத் துடைத்துக்கொண்டு, 'சிங்க்குக்குக் கீழே, இடது பக்கம்' என்று பதில் அனுப்பினாள். நேற்றே எடுத்து மேலே வைத்திருக்கலாம். தங்கையைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் பானையைப் பற்றி நினைக்கிறோமே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

அந்தப் பானையில்தான் மார்ச் மாதம் ஒரு வாரம் முழுக்கக் கருங்கோழியும் சிவப்புப் பேரீச்சையும் போட்டு எஜமானிக்குச் சூப் வைத்தாள். ஒரு புதன்கிழமை காலை, மலையடிவாரத்துக் கிளினிக்கில் எஜமானி கருவைக் கலைத்துக்கொண்டாள். கஸ்மிதான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். மெத்தை வைத்த நாற்காலி, எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டார்கள். வழியில் டாக்ஸியில் எஜமானி அழுதாள். கஸ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம் என்றுதான் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. எந்தப் போலீசும் வந்து கேட்கவில்லை. மாமியாரிடம் வயிற்றுக் கோளாறு என்று சொன்னதோடு சரி.

மே மாதம் வுலானுக்கு நாள் தள்ளிப்போனது. காரணமானவன் போன் எண்ணை மாற்றிவிட்டான். எஜமான் வீட்டுக் கழிப்பறைக்குள் நின்று கிசுகிசுத்து, கிடைத்த கிளினிக்குக்கெல்லாம் போன் செய்தாள் வுலான். இரண்டு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு தடவை வர வேண்டும், மூன்று வாரம் கழித்துத்தான் தேதி, ஞாயிறு விடுமுறை. வார நாளில் லீவு கேட்டால் எதற்கு என்பார்கள். காரணம் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் இரண்டே வாரத்தில் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஞாயிறன்று திறந்திருந்தது மேம்பாலத்தடிதான். போன் கார்டுக்கும் பொரித்த தெம்பே சோயாத் துண்டுக்கும் நடுவில் ஒருத்தி மாத்திரை விற்றாள். கஸ்மிதான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"எவ்வளவு வலிச்சாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிடாத. யாத்மியும் இப்படி மாத்திரை போட்டுட்டு அங்கதான் போனா, என்ன ஆச்சு? கட்டில்லயே விலங்கு மாட்டுனாங்க. ஜெயில், அப்புறம் பிளேன். பல்லைக் கடிச்சுக்க."

"சரிக்கா," என்றாள் வுலான். எப்போதும் எதிர்த்துப் பேசுகிறவள், அன்றைக்கென்று சரி என்றாள்.

ஒன்பது மணிக்குள் கஸ்மி வீடு திரும்ப வேண்டும். இரவில் அவள் போன் எஜமானியின் மேசை இழுப்பறைக்குள் போய்விடும், அது அந்த வீட்டுச் சட்டம். காலையில் எடுத்துப் பார்த்தபோது வுலானிடமிருந்து பதினொரு அழைப்புகள்.

அந்த இழுப்பறைதான் கஸ்மியைக் காப்பாற்றியது. போலீஸ் விசாரித்தபோது, "போன் என்கிட்ட இருந்துச்சு, இவ வீட்டுலதான் தூங்கினா," என்று எஜமானி சாட்சி சொன்னாள். அன்றிரவு வுலானைத் தன் அறையில் படுக்க வைத்திருந்தவள் துமினி, நினைவு தப்பிய கிழவி ஒருத்தியைப் பார்த்துக்கொள்கிறவள். விடியும் முன் ரத்தம் நிற்காமல் போனதும், கிழவியை அப்படியே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து, வுலானைத் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் அவள்தான். வுலான் பிழைக்கவில்லை. மாத்திரை உறை துமினியின் சமையலறைக் குப்பையில் கிடந்தது. அவளைப் பிடித்துவிட்டார்கள். நாளைக்குக் கோர்ட்.

ரொஹ்மா கடைசித் தண்ணீரில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டாள். கஸ்மியின் காதருகே குனிந்தாள்.

"துமினி வாயைத் தொறக்க மாட்டா. தொறக்கிறவளா இருந்தா மொத நாளே தொறந்திருப்பா."

"தெரியும்."

"உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. பெரியவன் இப்பத்தான் காலேஜ்ல சேந்திருக்கான். போனவ போயிட்டா. இருக்கிறவங்களப் பாரு."

"துமினி இருக்கிறவ இல்லையாக்கா?"

ரொஹ்மா சீப்பை எடுத்துக் கொடுத்தாள். கஸ்மி தங்கையின் கூந்தலை மூன்றாக வகிர்ந்து பின்னினாள். நுனியில் ஊதாச் சாயம் இருந்தது. இதோடு ஊர்ப்பக்கம் போனால் அம்மா துடைப்பத்தை எடுப்பாள் என்று போன மாதம்தான் கஸ்மி கிண்டல் செய்திருந்தாள்.

வெள்ளைத் துணி சுற்றி, பெட்டியில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தபோது, வாசலருகே ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தாள். சின்ன வயது. கையில் காக்கி உறை. வுலானின் சாமான்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வந்திருந்தாள்.

"இன்னைக்கா வரணும் இவ?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"முடியட்டும், நான் வெயிட் பண்றேன்," என்று அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

தொழுகை முடிந்தது. விமான நிலையம் போகும் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. இமாம் திரும்பிப் பார்த்தார். "குடும்பத்துல யாரு பேசுறீங்க?"

பெட்டி கிளம்பும் முன் வீட்டார் ஒருவர் முன்னால் வந்து, போனவருக்காக மன்னிப்புக் கேட்டு, அவர் விட்டுப்போன பொறுப்பையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஊரில் என்றால் சித்தப்பா பேசியிருப்பார்.

"நான் சொல்லிடறேன். நீ பக்கத்துல நில்லு போதும்," என்றாள் ரொஹ்மா.

"வேணாம்க்கா. நானே சொல்றேன்."

எழுபது எண்பது பெண்கள் இருப்பார்கள். எல்லோருடைய செருப்பும் வாசலில் குவிந்து கிடந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை சாவில் கேட்ட வார்த்தைகள்! தன் வாயிலிருந்து வரும்போது அவை வேறு யாருடையதோ போலிருந்தன.

"என் தங்கச்சி வுலான் யாரையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிருங்க. அவ நல்லவளா?"

"நல்லவ!" என்று முற்றமே சொன்னது.

"அவளால யாருக்காவது..." நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். "அவளால யாருக்காவது ஏதாவது சுமை வந்திருந்தா, இனிமே அது அவ தலையில இல்ல. என் தலையில."

"ஆமீன்."

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். ரொஹ்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். "கையெழுத்துப் போட்டுட்டு நேரா உள்ள வா. வேற ஒண்ணும் பேசாத." கஸ்மி அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுச் சுவரோரம் நடந்தாள். பயம்தான். பயமில்லை என்று யார் சொன்னது?

"இங்க கையெழுத்து," என்று பேனாவை நீட்டினாள் போலீஸ்காரி. "உங்க தங்கச்சி விஷயத்துல ரொம்ப வருத்தம்."

கஸ்மி கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"மேடம், துமினி ஒண்ணும் வாங்கல. அவ டாக்ஸி பிடிச்சா, அவ்வளவுதான். மாத்திரை வாங்கினது நான். ஆஸ்பத்திரிக்குப் போகாதன்னு சொன்னதும் நான்."

போலீஸ்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இந்த நேரத்துல மனசு ஒரு நிலையில இருக்காது. நீங்க நல்லா யோசிச்சு..."

"பதிமூணு நாளா யோசிச்சாச்சு மேடம்."

போலீஸ்காரி தோள் பையிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து விரித்தாள். "அப்போ என்கூட வரணும். போனைக் குடுங்க."

கஸ்மி கொடுத்தாள். அவள் விரல்களில் கற்பூரமும் திராட்சையும் சேர்ந்து மணத்தன. உறையின் வாயை ஒட்டியதும் போன் உள்ளே அதிரத் தொடங்கியது. திரையில் எஜமானியின் பெயர். பானை கிடைக்கவில்லை போலும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுக்கணுமா?" என்றாள் போலீஸ்காரி.

வண்டியின் பின்கதவைச் சாத்தினார்கள். அது வளைவில் திரும்புகிறவரை கஸ்மி பார்த்துக்கொண்டு நின்றாள். போன் மூன்றாவது தடவையாக அடித்தது. பதினொன்றில் இது மூன்று என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.