ஒரு ஃபிரேம் சிரிப்பு

காட்டூரில் எங்கள் ஸ்டூடியோ மாடியில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்துப் புடவைக் கடை ஒன்றுக்கு விளம்பரம். பார்ப்பதற்குப் போட்டோ மாதிரி இருக்குமாம், முந்தானை மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்குமாம். அதற்காக என் கணவர் வளவன் கேமராவை ஸ்டாண்டில் இறுக்கிவிட்டு, பக்கத்தில் டேபிள் ஃபேனைச் சுற்றவிட்டிருந்தார். ஃபேன் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்த் திரும்பினால் முந்தானையும் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். அங்கே வெட்டி ஒட்டினால் ஒட்டு தெரியாது. நான் அசையாமல் லேசாகச் சிரித்தபடி இருந்தால் போதும். வெளியிலிருந்து மாடலைக் கூப்பிட அவருக்கு மனசு வராது, அதனால் நான் லால்குடி ஸ்கூலுக்கு லீவு.

ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுச் சொன்னார்.

“லால்குடிக்கு இனிமே நீ போக வேணாம். நீ வேலைய விட்டுட்டன்னு உங்க ஹெச்.எம்.முக்குக் காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அசையாத.”

நான் அசையவில்லை. எனக்கென்று இருப்பது நான் பாடம் எடுக்கும் அந்த நாலாம் வகுப்பு ஒன்றுதான். பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இந்தச் சாமர்த்தியத்துக்கெல்லாம் குறைச்சலே இல்லை.

முந்தானை கச்சிதமாக வந்திருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதோடு சேர்க்க நான் சிரிக்கும் ஒரு ஃபிரேமைத் தேடினார். ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் நான் அவரை முறைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் கடைக்காரருக்கு அனுப்பியாக வேண்டும்.

“ஒரே ஒரு ஃபிரேம் போதும் வள்ளி. சும்மா சிரிச்சிட்டுப் போ.”

“வேலைய விடலன்னு ஹெச்.எம்.முக்கு போன் போடுங்க. சிரிக்கிறேன்.”

“சொன்ன பேச்ச மாத்தச் சொல்றியா? எனக்குன்னு ஒரு மரியாத இல்லையா?”

மரியாதை அவருக்கு மட்டும்தானே! ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். புடவை கடைக்காரனுடையது, கசங்கினால் திருப்பி எடுக்கமாட்டான் என்று மேலேயிருந்து கத்தினார். கசங்கட்டும் என்று மனசார நினைத்தேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கியபோது லால்குடி பஸ் நகர ஆரம்பித்திருந்தது. ஸ்கூல் விடுவதற்குள் போய்விட்டால் ஹெச்.எம்.மை நேரிலேயே பார்த்துவிடலாம். கொசுவத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினேன். உட்கார இடமில்லை. புடவை விறைப்பாக நிற்பதற்காக அவர் என் முதுகுப் பக்கம் மாட்டியிருந்த ஊக்குகள், கூட்டம் நெருக்க நெருக்கக் குத்தின. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் விட்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.