நாலு பக்கத்தில் ஒரு துண்டு

நாலு மணிக்குள் விளக்கக் கடிதம் போய்ச் சேராவிட்டால் வேலை இல்லை. இப்போதே மணி இரண்டரை. நீச்சல் குளக் காவலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்கா வீட்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தான். முந்தாநாள் ஒரு சிறுமி தண்ணீரில் மூழ்கிப்போனாள். குதித்துத் தூக்கியது அவளுடைய அம்மா. பிள்ளை பிழைத்துவிட்டது, அதுவரைக்கும் புண்ணியம். காவலுக்கு இருந்தவன் ஏன் பார்க்கவில்லை என்று மேலாளர் கேட்டிருந்தார்.

எழுத அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காவலுக்கு ஒரு ஆள் போதாது என்று மூன்று மனு போட்டவன். குளத்தில் அவனுக்கு ‘மனு மன்னன்’ என்றே பெயர். இப்போதும் நாலு பக்கம் எழுதி வந்திருந்தான். அதைப் படித்தால், மூழ்கியதே இவன்தானோ என்று தோன்றும்.

அக்காவுக்குப் பத்திரிகை அலுவலகத்தில் வாசகர் கடிதங்களைப் பிரிக்கிற வேலை. படித்து முடித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். வரிவரியாக வெட்ட ஆரம்பித்தாள்.

“என்னக்கா பண்ற?”

“எங்க ஆபீஸ்ல இப்படித்தான் பிரிப்போம். நடந்தது ஒரு பக்கம். நல்லது கெட்டது ஒரு பக்கம். இனிமே என்ன செய்யணும்ங்கிறது ஒரு பக்கம்.”

‘பன்னிரண்டு வருடம் உண்மையாக உழைத்தேன்’, ‘என்னைக் குறை சொல்வது அநியாயம்’ எல்லாம் நடுக் குவியலுக்குப் போயின. ‘இன்னொரு காவலாளியை நியமிக்க வேண்டும்’ மூன்றாவதற்கு. இரண்டும் மளமளவென்று வளர்ந்தன. முதல் இடத்தில் ஒரே ஒரு துண்டு கிடந்தது: ‘அப்போது மணி நாலு பத்து.’

“நாலு பக்கத்துல நடந்தது இவ்வளவுதானா? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறியேடா.”

“இன்னொரு ஆள் வேணும்ங்கிறது பொய்யா?”

“பொய்னு சொல்லலையே. நாலு பத்துக்கு நீ என்ன பண்ணிட்டிருந்த?”

அவன் ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், தண்ணீர் குடித்தான். கடைசியில் பேனாவை எடுத்து ஒரு காகிதத் துண்டில் நின்றபடியே எழுதினான்: ‘பிள்ளை மூழ்கியபோது நான் குளத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஆளால் இந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று நாலாவது மனுவை எழுதிக்கொண்டிருந்தேன்.’

அக்கா சிரிக்கவில்லை. அந்தத் துண்டை முதல் இடத்தில் வைத்தாள். மூன்றாவது குவியலிலிருந்து இன்னொரு காவலாளியைக் கேட்ட துண்டை எடுத்து அதன் கீழே வைத்தாள். நடுக் குவியலை அவனே அள்ளிக் குப்பையில் போட்டான்.

“இதைக் கொடுத்தா வேலை போயிரும்ல?”

“போகலாம்.”

இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தான். துண்டுகளில் இருந்ததை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

“ஆனா ஆள் போடுவாங்கக்கா.”

“போடுவாங்க,” என்றாள் அக்கா. “உன் இடத்துக்கும் சேர்த்து ரெண்டு பேரா.”