வினாயகமூர்த்தி கட்டிய பாட்டு

சீதேவிக்குக் கெண்டைக்கால் உளைந்தது. இருந்து எழும்பினால் போகிற உளைவில்லை இது. உள்ளங்காலில் தொடங்கி, முழங்காலில் கொஞ்சம் களைப்பாறி, இடுப்பில் போய்க் குடியிருக்கிற உளைவு. அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிண்டிக்கொண்டு நடப்பதுதான் அவளுடைய வேலை. காலை இழுத்து இழுத்து நடந்தால் நெல்லில் சால் விழும். திரும்பி வரும்போது அந்தச் சாலைக் குறுக்கே வெட்ட வேண்டும். செருப்புப் போட்டால் நெல் நசியும் என்று முதலாளி விடமாட்டார். ஏறாவூரில் அப்துல் மஜீத் ஹாஜியாரின் நெல் ஆலையில் நாலு போகம் இந்த வேலை செய்த ஒருத்தியின் பாதத்தைப் பார்த்தால், இனி இவளுக்குச் செருப்பு எதற்கு என்றுதான் தோன்றும்.

பக்கத்துச் சாலில் றபீக்கா வந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் புதிது. கால் இன்னும் வெந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்னவும் பாடுங்களன். சூடு தெரியாமப் போகும்."

சீதேவி தொண்டையைச் செருமினாள். அவளிடம் ஒரு பாட்டு இருந்தது, அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது. "இது எங்கட மனிசன் கட்டின பாட்டு, தெரியுமா? வருசா வருசம் எங்கட கண்ணாமுனைக் கோயில்ல, அம்மன்ட குளிர்த்திச் சடங்குக்கு இதைத்தான் ஸ்பீக்கரில போடுவாங்க."

"அடியே! பாவலர்ட பொஞ்சாதியா நீங்க?"

"ஓம், பின்ன?" என்று சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கினாள்.

*வாவிக் கரையில வந்தவளே – தாயே
வைகாசிச் சூட்டைத் தணிப்பவளே…*

றபீக்காவின் கால் உடனே தாளத்துக்கு வந்தது. கால் மட்டுமல்ல, வாயும் வந்தது. இரண்டாம் அடி முடியுமுன் அவள் கூடச் சேர்ந்து பாடினாள். மெட்டு அதேதான், இழுவையும் அதேதான். சொல் மட்டும் வேறு.

*வாப்பா வருவார் கப்பலில – மகளே
வளையல் வருகுது பெட்டியில…*

சீதேவி நின்றுவிட்டாள். சுடு நெல்லில் நிற்கக் கூடாது. நின்றாள்.

"இது என்ன பாட்டுப் புள்ள?"

"இது எங்கட உம்மா பாடுற தாலாட்டு. நான் ஏணைக்குள்ள கிடக்கக்க கேட்ட பாட்டு."

"இது எங்கட அம்மன்ட பாட்டு. உங்கட உம்மா எப்ப எங்கட கோயிலுக்கு வந்தவ?"

"உங்கட மனிசன் எப்ப எங்கட ஊட்டு ஏணைக்குக் கிட்ட வந்தவர்? அதைச் சொல்லுங்க முதல்ல."

களத்தில் நின்ற மற்றப் பெண்களுக்கு அன்றைக்குக் கால் சுடவே இல்லை. சிலர் அம்மன் பக்கம், சிலர் உம்மா பக்கம். முதலாளி அலுவலக யன்னலால் எட்டிப் பார்த்து, "நெல்லுக் காயுதா, இல்ல நாக்குத்தான் காயுதா?" என்று கேட்கும்வரை வழக்கு ஓடியது.

சீதேவிக்கு இது விளையாட்டில்லை. அந்த மெட்டில் அவளுடைய முழுச் சீவியமும் இருந்தது. குமராக இருந்த காலத்தில் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. தென்னந்தோட்டம், கிணறு, கல்வீடு. அந்த நேரம் பார்த்து வினாயகமூர்த்தி வேலிக்கு வெளியே நின்று இந்த மெட்டில் பாடினான். அப்போது அதில் அம்மன் இல்லை, சீதேவிதான் இருந்தாள். 'உனக்கெண்டே கட்டினது, வேற ஒருத்தரும் இதைக் கேட்டிருக்க மாட்டாங்க' என்றான். தென்னந்தோட்டம் திரும்பிப் போனது. கலியாணம் முடிந்த அடுத்த வைகாசியில் சீதேவி என்று வந்த இடமெல்லாம் தாயே என்று மாற்றி, கோயிலில் பாடிக் கொடுத்துவிட்டான். அவளும் சனத்தோடு சேர்ந்து கும்பிட்டாள். அம்மனோடு போட்டிக்கு நிற்கலாமா?

அன்றிலிருந்து அவர் பாவலர். குளிர்த்தி முடிய, கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் சபையில் அவரைக் கூப்பிட்டு வெற்றிலை கொடுப்பார். நெல்மூட்டை சுமந்த தோள் வெற்றிலை வாங்கியதும் மூட்டையை மறந்துவிட்டது. பாரம் தூக்கினால் மெட்டு கலங்குமாம். விறகு கொத்தினால் சொல் சிதறுமாம். நினைத்தால் தோணியில் போய் வீச்சுவலை எறிவார், பிடிபட்டால் கறி. மற்றப்படி முற்றத்து வேம்பின் கீழ்ச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். கேட்டால், "மெட்டு ஒண்டு வருகுது" என்பார். இத்தனை வருசமாக வந்துகொண்டே இருக்கிறது. வந்து சேரவில்லை.

மத்தியானம் பொலன்னறுவையிலிருந்து நெல் லொறி வந்தது. சாரதி பந்துல தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பெண்களும் அவனை நீதவானாக்கினார்கள்.

"பந்துல தம்பி, நீ வெளியூர் ஆள். உனக்குப் பக்கமில்ல. இந்தப் பாட்டு கோயில்பாட்டுப் போல இருக்கா, தாலாட்டுப் போல இருக்கா?"

சீதேவி முதல் அடியைப் பாடினாள். பந்துல கோப்பையை லொறியின் மிதிபலகையில் வைத்தான். கையைத் தட்டினான், இடுப்பை ஆட்டினான், மிச்சத்தைச் சிங்களத்தில் பாடியே முடித்தான்.

"அக்கா, இது பைலா! எங்கட தாத்தா சாராய வெறி வந்தா இதுதான் பாடுவார். மாமியார் கோழிக்கறிய ஒளிச்சு வைச்ச கதை."

"தாத்தாவா? உன்ட அம்மாட அப்பாவா?"

"இல்ல அக்கா, எங்கட அப்பா. சிங்களத்தில தாத்தா."

அம்மன், வாப்பா, கோழிக்கறி. சீதேவிக்குத் தலை சுற்றியது, வெயிலால் அல்ல. வினாயகமூர்த்தி கலியாணத்துக்கு முன்பு மூட்டை சுமக்கப் போனது பொலன்னறுவை ஆலைக்கு என்பதும், அங்கே நாள் முழுக்க ரேடியோ பாடும் என்பதும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

றபீக்கா விடுகிற ஆளில்லை. அவளுடைய புருசன் பஹ்மி கத்தாரில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை. மெட்டைப் போனில் முனகி அவனுக்கு அனுப்பினாள். பின்னேரம் நெல்லைக் குவித்து மூடும்போது பதில் குரல் வந்தது.

"றபீக்கா, இதை இஞ்ச எங்கட குசினியில ஒரு எகிப்துக்காரன் வெங்காயம் வெட்டக்க தினமும் பாடுறான். நீ அனுப்பினதைப் போட்டுக் காட்டினன். அவனுக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே! தங்கட ஊர்ப் பாட்டாம், ஹிந்திப் படக்காரன் களவெடுத்திட்டானாம். பக்கத்தில நிண்ட துருக்கிக்காரன் சொல்றான், இவனுகள் எங்களிட்ட எடுத்ததாம். ரெண்டு பேரும் கத்தியோட நிக்கிறானுகள். நீ இனி இப்பிடிப் பாட்டு அனுப்பாத. எண்ட வேலை போயிரும்."

அதன் பின்னால் எகிப்துக்காரனே பாடிய துண்டும் வந்தது. அடிவயிற்றிலிருந்து பாடியிருந்தான். சீதேவி அதைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, வெந்நீர்ச் சட்டிக்குள் காலை வைத்தாள். வேம்பின் கீழே பாவலர் கண்ணை மூடியிருந்தார்.

"தண்ணியைச் சத்தம் போடாம ஊத்து, சீதேவி. மெட்டு ஒண்டு வருகுது."

"எங்கயிருந்து வருகுது?"

"எங்கயிருந்து எண்டா… வாறதுதான்."

"பொலன்னறுவையில இருந்தா, கத்தாரில இருந்தா?"

பாவலர் ஒரு கண்ணைத் திறந்தார். சீதேவி போனை அமத்தினாள். எகிப்துக்காரன் கண்ணாமுனை முற்றத்தில் பாடினான். பாவலர் மற்றக் கண்ணையும் திறந்தார்.

"ஆரிது?"

"உங்கட பாட்டைக் களவெடுத்தவன். எகிப்தில இருக்கிறான். அங்க போய்ப் பிடிப்பமா?"

"மெட்டு எண்டது காத்துப் போல, சீதேவி. ஆருக்கும் சொந்தமில்ல. நான் மூச்செடுக்கக்க உள்ள வந்திட்டுது."

"காத்துக்கு ரேடியோ வாங்கிக் குடுத்தது ஆரு? பொலன்னறுவை முதலாளியா?" அவள் காலைத் தண்ணீருக்குள் மாற்றி வைத்தாள். "கோழிக்கறிப் பாட்டாம் அது. பந்துலட அப்பா வெறியில பாடுறதாம். நியாயமாப் பாத்தா நான் அந்த மனிசனைத்தான் கட்டியிருக்கவேணும்."

"மெதுவாக் கதை. வேலிக்கு அங்கால கேட்கும்."

"கேட்கட்டும். நாளைக்குக் கட்டாடியாரிட்டயும் போட்டுக் காட்டுவம். வெத்திலையை இனி பந்துலட லொறியில குடுத்து அனுப்பட்டும்."

பாவலர் கதிரையை விட்டு எழும்பினார். அந்த நேரத்தில் அவர் எழும்பி வெகுகாலம். "உனக்கு இப்ப என்ன வேணும்?"

சீதேவி இதை பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள்.

"எனக்கெண்டு ஒரு பாட்டு. ஒருத்தரும் பாடாத மெட்டு. அதுக்காகத்தானே தென்னந்தோட்டத்தை விட்டிட்டு வந்தன்? அந்தக் கடன் இன்னும் கிடக்கு. அது தீருமட்டும் களத்தில கிண்டுறது நீங்க. நான் நிழலில இருந்து சாக்குத் தைக்கிறன். ஹாஜியாரிட்டப் போனில கேட்டிட்டன்."

"எனக்கு இடுப்பு…"

"எனக்கும் இடுப்பு இருக்கு."

பாவலர் களத்தில் இறங்கிய முதல் நாளைப் பற்றி ஆலையில் இன்றைக்கும் கதைப்பார்கள். காலை வைத்தார், எடுத்தார். மற்றக் காலை வைத்தார், அதையும் எடுத்தார். வைக்க மூன்றாவது கால் இல்லையே என்று அவர் கவலைப்பட்டது முகத்தில் தெரிந்தது. "கூத்து ஆட வந்தீங்களா, நெல்லுக் கிண்ட வந்தீங்களா, பாவலர்?" என்று றபீக்கா கேட்டாள். சாக்கு ஊசியோடு நிழலில் இருந்த சீதேவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு, நிமிராமல் சிரித்தாள்.

தப்ப ஒரே வழி பாட்டுத்தான். அவர் அவசரமாகக் கட்டத் தொடங்கினார். முதல் மெட்டைக் கேட்டதும் பந்துல அதன் அடுத்த அடியைப் பாடிவிட்டான். இன்னொன்றைக் கண்மூடி உருகிப் பாடினார். களம் முழுக்கச் சிரித்தது. அது காலையில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டு வருகிற ஆட்டோவில் ஒலிக்கிற மெட்டு. பாவலர் கோபித்துக்கொண்டு அடுத்ததைப் பாட, "இது நான் பஹ்மிக்குப் போன் எடுத்தா, அவர் தூக்குமட்டும் கேட்கிற மெட்டு" என்றாள் றபீக்கா. அதன்பின் அவர் வாயை மூடிக்கொண்டார்.

நெல் வந்தது, காய்ந்தது, போனது. பாவலரின் பாதம் முதலில் கொப்பளித்தது, பிறகு உரிந்தது, பிறகு தடித்தது. சால் நேராக விழத் தொடங்கியது. பின்னேரத்தில் தனக்கும் வெந்நீர் வேண்டுமென்று கேட்டார். ஒரே சட்டியில் இரண்டு சோடிக் கால் ஊறியது. சீதேவியின் உளைவு இடுப்பை விட்டு இறங்கி, முழங்காலில் இருந்து, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

பிறகு ஒரு மத்தியானம். பாவலர் பாட்டை யோசிக்கவில்லை, தேத்தண்ணியைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தார். காலிழுவைக்கு ஏற்ப வாய் தன்பாட்டில் முனகியது.

*களத்துச் சூட்டைக் காலால குடிச்சவளே – கொஞ்சம்
எனக்கும் மிச்சம் வைச்சவளே…*

அடுத்த அடியைப் பாட ஒருத்தருக்கும் தெரியவில்லை. அது பைலா இல்லை, தாலாட்டு இல்லை, பாண் ஆட்டோவும் இல்லை. ஒரு காலை இழுத்து மறு காலை வைப்பதற்கிடையில் வருகிற சின்ன நிறுத்தம் அந்த மெட்டுக்குள் இருந்தது. களத்தில் நடக்காதவனுக்கு அது வராது. பாவலருக்கே விளங்கிவிட்டது. சாலில் நின்றபடி நிழல் பக்கம் பார்த்தார்.

"சீதேவி, இது புதுசு! சத்தியமா என்ட!"

சீதேவியின் கையில் ஊசி நின்றது. அவள் தன் பாதத்தைப் பார்த்தாள். வெடிப்புகள் மூடத் தொடங்கியிருந்தன. பிறகு களத்தைப் பார்த்தாள். நெல் ஆவி பறக்கக் கிடந்தது. பிறகு றபீக்காவைப் பார்த்தாள். றபீக்காவும் அவளைப் பார்த்தாள்.

"இது எங்கயோ கேட்ட மாதிரி இல்லையா, றபீக்கா?"

றபீக்கா கண்ணைக்கூட இமைக்கவில்லை. "ஓம் அக்கா. போன கிழமை பந்துலட லொறி ரேடியோவில போச்சே, அதுதான்."

"அல்லாஹ்மேல ஆணையாச் சொல்லு!" என்றார் வினாயகமூர்த்தி.

"பாட்டுக்கெல்லாம் ஆணை இடக் கூடாது. ஹறாம்."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். சுடு நெல்லில் கனநேரம் நிற்க முடியாது. தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். சால் நூல் பிடித்தாற்போல் விழுந்தது.

சாக்குக்கு மேல் குனிந்து சீதேவி தைத்தாள். ஊசி போய் வருகிற போக்கில் தன்னையறியாமல் அந்த மெட்டையே முனகினாள். தேத்தண்ணி எடுக்க வந்த றபீக்கா முழங்கையால் ஒரு இடி இடித்து, "அக்கா, வாயை மூடுங்க. மனிசன் திரும்பி வாறார்" என்றாள்.

சீதேவி வாயை மூடினாள். வினாயகமூர்த்தி அவளுக்கு இன்னும் ஒரு பாட்டுக் கடன்.