ஆறு பேர் சேர்ந்து அடுக்கிய அடுப்படி

நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. கெட்டவனை நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் தெரு உதவிக் குழுவைத் திட்டினால் மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. தனியாக இருக்கிறேன். இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறுப்பு வட்டம்; எதை நேராகப் பார்த்தாலும் அது மறைந்துவிடும், ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். ஆனால் முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பலகையைப் பார்க்காமலே இணைப்புக் கொடுத்த கை இது. அடுப்படியில் எது எங்கே என்று கைக்குத் தெரியும். மற்றதற்குத்தான் குழு. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள், வாரத்து மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடுவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் இந்த வீட்டில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றிகெட்டவள் என்பீர்கள்.

போன வாரம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வர்றேன். நீயே எனக்கு ஒரு டீ போட்டுக் குடு. வேற யாரும் கை வைக்கக் கூடாது. முடிஞ்சா இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன். முடியலைன்னா பெட்டியைக் கட்டு, என் வீட்டுக்கு வந்துடு."

தம்பி வீட்டில் எனக்கென்று ஒதுக்கியிருப்பது வாஷிங் மெஷின் நிற்கும் அறை. அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கும் யாரையாவது கூப்பிட வேண்டும்.

"வா, ரெண்டு டீயா போட்டுத் தர்றேன்" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கிறதா? குழுத் தலைவியிடம் சொல்லித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். 'பட்டியல்' என்றே பெயர் வைத்திருக்கிறேன், முகத்துக்கு நேராக இல்லை.

வெள்ளிக்கிழமை நான் கண் பரிசோதனைக்குப் போய்த் திரும்புவதற்குள், குழுவிடம் இருக்கும் சாவியால் திறந்து, ஆறு பேர் சேர்ந்து அடுப்படியைப் புரட்டிப் போட்டிருந்தார்கள்.

"சர்ப்ரைஸ்!" என்று கை தட்டினார் பட்டியல். "தம்பி வர்றாருல்லம்மா, அதான். எல்லாம் ஒரே மாதிரி புது டப்பா. மேலே பெரிய எழுத்துல பேர் ஒட்டியிருக்கோம்."

கண் தெரியாதவளுக்குப் பெரிய எழுத்து! ஆறு பேரில் ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் பாவம், வேலை செய்து களைத்து ஆறு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். அந்தப் பொய்க்காக என் மேல் எனக்கு இன்னும் கோபம்.

சனிக்கிழமை காலை ஒத்திகை பார்த்தேன். லைட்டரைத் தேடவே கால் மணி நேரம் ஆயிற்று. டீத்தூள் என்று நினைத்துப் போட்டது மிளகுத்தூள். ஆவி மூக்கில் ஏறி ஒன்பது தும்மல். அதில் கை பட்டுப் பாத்திரம் சரிந்து, பால் தரையெல்லாம் ஓடியது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 'உள்ளதும் போச்சே நொள்ளைக் கண்ணா' என்று எனக்காகவே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். தம்பி வீட்டு வாஷிங் மெஷின் ஓடுவது காதில் கேட்பது போலிருந்தது. நிஜமாகவே பயந்துவிட்டேன்.

பட்டியலுக்குப் போன் போட்டேன். வந்ததும் பாலைத் துடைக்கத் துணி தேடினார்.

"அதை விடுங்க. என் பழைய டப்பா எல்லாம் எங்கே?"

"மாடிப்படிக்குக் கீழ சாக்குல கட்டி வச்சிருக்கும்மா. திங்கக்கிழமை குப்பை வண்டி வரும். எல்லாம் நசுங்கினது, மூடி இல்லாதது..."

"நசுங்கினதுதான் டீத்தூள். மூடி இல்லாதது சர்க்கரை. தொட்டா எனக்குத் தெரியும். உங்க டப்பா எல்லாம் வழவழன்னு ஒரே மாதிரி இருக்கு. எவ்வளவு பெருசா எழுதினாலும் என் கண்ணுக்கு எழுத்து தெரியாதுங்க!"

புது டப்பா ஒன்றை எடுத்து அவர் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருக்கணும்."

சாக்கை இழுத்து வந்தார். எது எங்கே இருந்தது என்று கேட்டார். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

"கோவிச்சுக்கக் கூடாது" என்று தயங்கினார் பட்டியல். "சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்தேன். 'முன்பு', 'பின்பு'ன்னு வாட்ஸ்அப் குழுவுல போட்டேன்."

"என் அடுப்படி அலங்கோலத்தை ஊருக்கே காட்டினீங்களா?"

"நாப்பத்து மூணு பேருக்கு."

மூக்கு நுனியில் இருந்த கோபம் தலைக்கு ஏறியது. வேறு வழி? அவர் எல்லாவற்றையும் பழைய டப்பாக்களில் திரும்பக் கொட்டி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தார். நான் கை நீட்டிச் சரிபார்த்தேன்.

"சர்க்கரை இன்னும் ரெண்டு விரல் இடப்பக்கம்."

"உப்பை யாராவது சோப்புத்தூள் பக்கத்துல வைப்பாங்களாம்மா?"

"நான் வைப்பேன்."

அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. கடிக்கட்டும், நேற்றிலிருந்து நான் கடித்தது போதும். மதியத்துக்குள் என் அடுப்படி எனக்குத் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பட்டியல் கூடத்தில் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தார். இவன் அடுப்படியை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது, குப்பைமேடு மாதிரி? உதவிக்கு ஒரு குழுவே இருக்கு. இதைக்கூட ஒழுங்கு பண்ண மாட்டாங்களா?"

"நாங்கதான் இப்படி அடுக்கினோம்" என்றார் பட்டியல். "ஒண்ணையும் தொடாதீங்க."

நான் டீ போட்டேன். ஆணியில் லைட்டர், நசுங்கியதில் டீத்தூள், மூடி இல்லாததில் சர்க்கரை. கோப்பைக்குள் விளிம்பை ஒட்டி விரல் நுனியை வைத்து, சூடு எட்டியதும் நிறுத்தினேன். மூன்று கோப்பை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

தம்பி குடித்தான். பாதிக் கோப்பை காலியானதும், "சர்க்கரை கம்மி" என்றான். தோற்றுப்போனால் இப்படித்தான் ஏதாவது சொல்வான், சின்ன வயதிலிருந்தே. கொடுத்த வாக்குப்படி வேறெதற்கும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய்த் தானே ஒரு கரண்டி போட்டுக்கொண்டான். பிறகு டப்பாவைச் சாப்பாட்டு மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"எடுத்த இடத்துல வைடா!" என்று கத்தினேன்.

அவன் அவசரமாகக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தான்.

"அங்க இல்லைங்க" என்றார் பட்டியல், இருந்த இடத்திலிருந்தே. "ரெண்டு விரல் இடப்பக்கம்."