மாமியார் கண்ணாடிக்குப் போட்ட சூடு

லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கும் அந்த மனிதரை எல்லாரும் ஸ்பிரிங்குக்காரர் என்றே கூப்பிடுவார்கள். மூன்று ஆள் தூக்கும் பட்டையைத் தனியாகப் புரட்டுகிறவருக்கு ஒரே ஒரு பயம், மாமியார். அந்த அம்மாள் தையற்காரி. மகள் வீட்டுக்கே வந்து தங்கியதிலிருந்து, மருமகனிடம் பேசும்போதெல்லாம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் பார்ப்பாள். ‘போயும் போயும் இந்த ஆளுக்கா பெண்ணைக் கொடுத்தேன்’ என்று கேட்கிற மாதிரியே இவருக்குப் படும். தையல் மெஷினுக்குப் புது மேஜை செய்து கொடுத்தார். அதையும் தலையைச் சாய்த்தே பார்த்தாள்.

எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிடவேண்டும் என்று இருந்தவர் கண்ணில், மாமியாரின் மூக்குக்கண்ணாடி நழுவுவது பட்டது. காதில் மாட்டும் காம்பு இரண்டும் அகன்று, பிடிப்பில்லாமல் தொளதொளத்துப் போயிருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனைவியோ “லீவு நாள்ல பாக்கிறேம்மா” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். தொளதொளப்புக்கு மருந்து தனக்குத் தெரியாததா? மாமியார் கண்ணயர்ந்த நேரத்தில் கண்ணாடியை வீட்டை ஒட்டிய தன் பட்டறைக்குக் கொண்டுபோய், திருகாணியைக் கழற்றிக் காம்புகளைத் தனியாக எடுத்தார். ஸ்பிரிங் பட்டைக்குச் செய்வது போலவே சிவக்கக் காய்ச்சினார். வழக்கமாக எண்ணெயில்தான் முக்குவார். மாமியார் காதில் எண்ணெய் நாற்றம் வேண்டாமே என்று தண்ணீரில் முக்கினார்.

எடுத்துப் பார்த்தால், விரல் பட்ட பக்கமெல்லாம் வளைந்தது. வளைந்தது நிமிரவும் இல்லை.

கடையிலிருந்து சாப்பிட வந்த மனைவி அதைக் கையில் வாங்கினாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள்.

“இது எஃகு இல்லீங்க, நிக்கல் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம். பேர்ல மட்டுந்தான் வெள்ளி. சூடு காட்டினா இளகிடும். எதுல முக்கினாலும் விறைக்காது. அடிச்சாத்தான் விறைக்கும்.”

“அடிக்கிறதா? அது என் வேலையாச்சே!”

“அவசரப்படாதீங்க. அம்மாவுக்கு எடது காது கொஞ்சம் எறக்கம். அதுக்கேத்த மாதிரி வளைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. விறைப்பா இருந்ததால ஒடிஞ்சிடுமோன்னு விட்டுட்டேன். இப்பத்தான் இளகிக் கெடக்கே.”

அதற்குள் வாசலில் குரல் கேட்டது. “மாப்பிள்ளை, என் கண்ணாடியைப் பாத்தீங்களா?”

“பாத்தேன் அத்தை. பாத்ததுதான் தப்பாப் போச்சு.”

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மாமியார் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். மகள் காம்புகளைப் பொருத்தி அம்மாவுக்கு மாட்டிப் பார்த்தாள், கழற்றினாள், வளைத்தாள், மறுபடி மாட்டினாள். வளைவு சரியானதும் அவற்றைக் கணவன் கையில் கொடுத்தாள்.

சம்மட்டி பிடித்த கை, மனைவியின் கடையிலிருந்து வந்த சின்னச் சுத்தியலோடு பட்டடைக்கல்மேல் குனிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார், திருப்பிப்போட்டுத் தட்டினார். கொழகொழவென்று இருந்த உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தியலை எதிர்க்கத் தொடங்கியது. நுனியை இழுத்துவிட்டால் துள்ளித் தன் இடத்துக்கே திரும்பியது.

“போதும். இதுக்கு மேல அடிச்சா விரிசல் விட்டுடும்” என்றாள் மனைவி.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மருமகனைப் பார்த்தாள். அந்தத் தலை எப்போது சாயும் என்று அவர் காத்து நின்றார். தலை நேராகவே இருந்தது.

“ஏன் மாப்பிள்ளை, ஒங்க மீசை ரெண்டு பக்கமும் ஒரே அளவுதானா?”

“ஆமா அத்தை. ஏன்?”

“இந்தக் கண்ணாடி கோணலா உக்காரும். அதை மட்டமாக்கத்தான் தலையைச் சாய்ப்பேன். சாய்ச்சுப் பாத்ததுல ஒங்க மீசைதான் கோணல்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு வாயைத் தொறக்கல. நல்லா லட்சணமாத்தான் இருக்கீங்க.”

இத்தனை காலம் வீணாகப் பயந்து செத்தோமே என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது.

“வேற ஏதாவது ரிப்பேர் இருக்கா அத்தை?” என்று மட்டும் கேட்டார்.

மனைவி எழுந்துபோய் முதலில் உலையை அணைத்தாள்.