வேர் பிடித்ததா என்று பார்த்தவர்

தையல்காரருக்கு ஒரு பழக்கம். எந்தப் பொத்தானைத் தைத்தாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கீழே வைப்பார். முப்பது வருஷத்தில் ஒரு பொத்தான்கூடத் தெறித்ததில்லை என்று பெருமை வேறு. பெருமைப்படட்டும், யார் வேண்டாம் என்றது? துணியோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷன்.

அவருடைய அக்கா வீட்டை விற்றுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போய்விட முடிவு செய்தாள். வாசலில் அவர்கள் அம்மா வைத்த செம்பருத்தி நின்றது. வாங்கினவர் வீட்டை இடிக்கப்போகிறார், செடி எங்கே மிஞ்சும்? அக்கா மூன்று கொம்பு ஒடித்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டாள். இரண்டு அழுகிப்போயின. ஒன்றுதான் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. கிளம்புகிற அன்று அதைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"சின்னத் தொட்டியா பாத்து வைடா. மண்ணு காஞ்சா மட்டும் தண்ணி ஊத்து. முக்கியமா, தொட்டுத் தொட்டுப் பாக்காத. அம்மா செடியில மிச்சம் இது ஒண்ணுதான்."

"நான் என்ன சின்னப் பிள்ளையாக்கா?"

எல்லாம் சரியாகத்தான் செய்தார். சின்னத் தொட்டி, மணல் கலந்த மண், கடை ஜன்னலோரம் நேர் வெயில் படாத இடம். ஆனால் கை சும்மா இருந்தால்தானே! காலையில் கடை திறந்ததும், வேர் பிடித்துவிட்டதா என்று கொம்பை லேசாக இழுத்துப் பார்ப்பார். கொம்பு அசையும். 'இன்னும் பிடிக்கலை' என்று மண்ணை அழுத்திவிடுவார். மறுநாளும் அதே கதை. பிடிக்க வந்த வேரைத் தினமும் தன் கையாலேயே அறுத்துக்கொண்டிருந்தார் பாவி.

பதினோராம் நாள் இலைகள் தொங்கிவிட்டன. பதறிப்போய் இழுத்தார், கொம்பு கையோடு வந்துவிட்டது. அடியில் கறுத்த நார் இரண்டு, அவ்வளவுதான். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று துணி வெட்டும் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுபடி தண்ணீரில் போட்டும் பார்த்தார். தண்டும் அழுகியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள்.

"துளிர் விட்டுச்சாடா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"விட்டுச்சுக்கா. ரெண்டு இலை."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா சொன்னாள்: "உன்கிட்ட குடுத்தா உருப்படாதுன்னு, பக்கத்து வீட்டுல குடுக்கப் பாத்தேன்டா. உன்னைப் போயி தப்பா நெனச்சுட்டேனே. மன்னிச்சுக்கோடா தம்பி."

அவர் கை காலித் தொட்டியின் மண்ணை அழுத்திவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றார்.