ஜடை பின்னுற மிஷின்

என் வலது கை தோளுக்கு மேல ஏறாது. நாப்பது வருஷம் தறியில பழைய பாவு நூலோட புதுப் பாவு நூலை இழை இழையா முறுக்கிச் சேத்த கை, போதும்னு சொல்லிடுச்சு. சோறு திங்கலாம், காபி குடிக்கலாம். தலைதான் பின்ன முடியாது. முடியோ இடுப்பு வரைக்கும் இருக்குது. எனக்கு வயசானதை அதுக்கு மட்டும் யாரும் சொல்லல போல, வளந்துக்கினே இருக்குது.

காலையில அஞ்சரைக்கு மருமக கமலவேணி பின்னி வுடுவா. ஆறு மணிக்கு அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ். சீப்பைப் பல்லுல கடிச்சுக்கினு, பாதித் தூக்கத்துல பின்னுவா. ஒரு நாளும் சலிச்சுக்க மாட்டா. அதுதான் எனக்குத் தாங்கல. திட்டினாலாவது நானும் நாலு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா இருப்பேன்.

ரெண்டாயிரத்து நாலு, பொங்கல் கழிஞ்சதும் சொன்னேன், "கிராப்பு வெட்டிக்கறேன்மா. ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"ஐயோ ஆயா, வெட்டிடாத!" பேத்தி சங்கரி ஓடியாந்தா. இஞ்சினியரிங் கடைசி வருஷம். "உனக்காகத்தான் ஜடை பின்னுற ரோபோ செய்யறேன். அதான் என் ப்ராஜெக்டே. இன்னும் பத்து வருஷத்துல எல்லா பார்லர்லயும் ரோபோதான், பாரு."

"பத்து வருஷத்துல நான் எங்கடி இருப்பேன்?"

"உனக்கு ரெண்டே மாசம் ஆயா, ப்ளீஸ்."

ரெண்டு மூணாச்சு. தறி ரூம்ல ஒரு மூலைய புடிச்சுக்கினா. மூணு கொக்கி, ஒடஞ்ச டேப் ரெக்கார்டர் மோட்டாரு, பின்னாடி வெள்ளைப் பலகை, செவப்பா ஒரு கண்ணு. முடி எங்க இருக்குதுன்னு அந்தக் கண்ணுதான் பாக்குமாம். மிச்சம் கிடந்த கறுப்புப் பட்டு நூலை ஆணியில கட்டித் தொங்க வுட்டா, கிர்ரு கிர்ருன்னு பின்னிச்சு. எனக்கே ஆசையாப் போச்சு. "என் தலையில வெச்சுப் பாருடி"ன்னேன். "நூலே அப்பப்ப சிக்குது. உனக்கு வலிக்கும், இரு"ன்னுட்டா.

காலேஜுல காட்டுற அன்னிக்கு என்னைக் கூட்டிக்கினு போயி ஸ்டூல்ல உக்கார வெச்சா. மார்க்கு போடுற யேசுதாஸ் சார் எதுர்ல நின்னாரு. சுவிட்சைப் போட்டா. கொக்கி மூணும் வெறும் காத்தைப் பின்னுது. என் முடியத் தொடவே இல்ல. மறுபடி போட்டா. மறுபடியும் காத்துதான்.

சார் குனிஞ்சு அந்தச் செவப்புக் கண்ணைப் பாத்தாரு, என் தலையப் பாத்தாரு. "ஏம்மா, இதை எதுல டெஸ்ட் பண்ண?"

"கறுப்பு நூல்ல சார்."

"பாட்டிக்கு வெள்ளை முடி. பலகையும் வெள்ளை. மிஷினைக் கேட்டா அங்க முடியே இல்லேங்கும்."

சுத்தி நின்ன பசங்க சிரிச்சுதுங்க. சங்கரி என் தலையவே பாத்துக்கினு நின்னா.

"ஆயா, எப்போ இவ்ளோ வெளுத்துச்சு?"

"நீ எட்டாவது படிக்கறப்பவேடி."

சார் நல்ல மனுஷன், பாஸ் போட்டுட்டாரு. பஸ்ல திரும்பி வர்றப்ப சங்கரி சொன்னா, "பலகைக்குக் கறுப்பு அடிச்சாப் போதும் ஆயா. ஒரே வாரம்."

ஒரு வாரம்னா கமலவேணிக்கு இன்னும் ஏழு அஞ்சரை மணி. எனக்கு அதை நெனைக்கவே அலுப்பா இருந்துச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடியில ஒரு பார்லர் இருக்குது. "இங்கியே ஏறு"ன்னேன். அழுதுக்கினே பின்னாடி வந்தா. பார்லர் பொண்ணு ரெண்டு வாட்டி கேட்டுது, "நெசமாவாம்மா?" ரப்பர் பேண்டு போட்டு, அஞ்சு நிமிஷத்துல வெட்டி, முடியக் கையில குடுத்துடுச்சு. தலை லேசாச்சு. தோள்வலி அப்படியே இருந்துச்சு.

மறுநாள் அஞ்சரைக்குக் கமலவேணி சீப்பைக் கடிச்சுக்கினு வந்து உக்காந்து என் கழுத்துக்குப் பின்னாடி கைய வுட்டா. கை அங்கியே நின்னு போச்சு.

"மறந்துட்டேன் அத்தை."

"போயி இன்னும் கொஞ்சம் படும்மா."

போகல. சும்மா உக்காந்துக்கினு இருந்தா.

ஞாயித்துக்கிழமை சங்கரி பலகைக்குக் கறுப்பு அடிச்சு, வெட்டின என் முடிய அதே ஆணியில கட்டி வுட்டா. "ஆயா, ஓடியா, பின்னுது!"

போய்ப் பாத்தேன். நல்லாத்தான் பின்னியிருந்துச்சு, கமலவேணி பின்னுறதைவிட இறுக்கமா.

"நல்லாருக்குதுடி கண்ணு"ன்னு சொல்லிட்டு வந்து படுத்துக்கினேன்.